அலைக்குத் தப்பிய கிடா

காலை ஐந்து நாற்பது. கச்சால் தீவில் அக்கா வீட்டு ஆட்டுக் கொட்டிலில் நான் முதலில் பார்த்தது, பிறந்து அரை மணி நேரமான குட்டியின் வாய். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஒரு விரல் குட்டை. மடியைத் தேடிப் போயிற்று. காம்பைக் கவ்வ முடியவில்லை.

"இதோட மூணு. யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள் அக்கா.

சுனாமிக்குப் பிறகு அக்கா வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்து லைன் வீடுகளில் மிஞ்சியவை நான்கு பெட்டைகள், ஒரு கிடா. கிடா மூன்றாம் நாள் அறுந்த கயிற்றோடு தானாக நடந்து வந்தது. எல்லோரும் அதற்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். ஐந்து வருடமாக அங்கே பிறந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் அப்பன். பலவற்றுக்குத் தாத்தாவும் அதுவே. தோட்டத்தில் வேலை கிடைக்காத மாதங்களில் அக்காவுக்குச் சோறு போடுவது இந்த ஆடுகள்தான்.

டீ குடித்தபடி விளக்கினேன். எந்த உயிரும் மரபணுவில் சில புதிய பிழைகளோடுதான் பிறக்கிறது. ஆயிரம் ஆடுகள் இருந்தால் ஒரு பிழை தன் ஜோடியைச் சந்திப்பது அபூர்வம், பெரும்பாலும் தொலைந்துபோகும். இங்கே இருப்பது பதினோரு ஆடுகள், அதுவும் ஒரே ரத்தம் என்றால், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதே பிழை குட்டிக்கு வந்து சேரும்; அப்போதுதான் அது தாடையில் தெரியும்.

"நம்ம அப்பாவும் அம்மாவும் அத்த மவன், மாமன் மவதான். ஒனக்குத் தாடை நல்லாத்தானே இருக்கு? வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றாள்.

வேறு ரத்தத்துக் கிடா ஒன்றை நானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போர்ட் பிளேர் திரும்பினேன். கால்நடை டாக்டரின் சான்று, கப்பலில் ஏற்ற அனுமதி, அனுமதியில் ஒரு முத்திரை குறைவு என்று ஹேடோ கப்பல் துறையிலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கலாம். கடைசியில் கிடா கப்பல் ஏறியது. வழியெல்லாம் என் பையின் வாரைத் தின்றது.

"பழசை வித்துடு. பெட்டைகளோட இதை விடு" என்று அக்காவிடம் ஒப்படைத்தேன்.

"அச்சா, தம்பி. நீ சொன்னா சரி."

மூன்று மாதம் கழித்துப் போனேன். பழைய கிடா வாசலில் நின்று அசைபோட்டது. புதியதைக் காணோம்.

"மாரியம்மன் திருவிழாவுக்கு வெட்டியாச்சு."

"அதையா வெட்டின?"

"பின்ன, அலைக்குத் தப்பிச்ச உசுர வெட்டச் சொல்றியா? ஆடுங்க நல்லாயிருக்கணும்னுதான் நேர்ந்துக்கிட்டேன். கறி மெத்துனு இருந்துச்சு. ஒனக்குத்தான் குடுத்து வைக்கல."

"பெட்டைகளோட ஒரு நாளாவது விட்டியா?"

"பாகல் மாதிரி பைத்தியக்காரக் கேள்வி கேக்காத தம்பி. நம்ம கெடா முட்டித் தள்ளிராது? தனியாத்தான் கட்டிப்போட்டிருந்தேன்."

அந்த மழைக்காலத்தில் அக்காவின் கொட்டிலில் ஐந்து குட்டிகள் பிறந்தன. பால் குடித்தது ஒன்று.