ஐஸுக்குக் கீழே

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பரம்பரையில் ஐஸ் மெழுகும் வேலைக்குப் போன முதல் ஆள் என் மாமாதான். அம்மாவின் தம்பி. கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் இருந்த ஐஸ் ரிங்கில் அவருக்கு வேலை. ஆட்கள் சறுக்கிச் சறுக்கிக் கீறிப்போட்ட ஐஸின் மேல் ஒரு வண்டியை ஓட்டிப் போய், அதை மறுபடியும் வழவழவென்று ஆக்கிவிட வேண்டும். எங்கள் வரிசை வீடுகளில் இதை யாரும் நம்பவில்லை. வெயிலில் வேகிற இந்த நாட்டில் ஐஸை மெழுகச் சம்பளமா என்று கேட்டுச் சிரித்தார்கள். மாமா அளந்துவிடுவதில் பேர்போனவர் என்பதால் நானும் பாதிதான் நம்பியிருந்தேன்.

நாங்கள் அப்போது பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்தோம். முதலாளிகள் தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு எங்களுக்குக் கிடைத்த மலிவுவிலை வீடு அது. எனக்குப் பத்து வயது. மாமா லீவில் வரும்போதெல்லாம் ரிங்குக்குப் பக்கத்துக் கடையில் கழித்துப்போட்ட சக்கரக் காலணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். பூப்பந்து ஆடும் சிமெண்டுத் தளத்தில் பிள்ளைகளை நிறுத்தி, துடைப்பக் கட்டையையும் ஒரு பந்தையும் கொடுத்து ஹாக்கி ஆடச் சொல்வார். முட்டி பேர்ந்ததும் ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் நின்றேன்.

இன்று நம் பெண்கள் வெளிநாடு போய் ஐஸ் ஹாக்கி ஆடிவிட்டு வருகிறார்கள். ஈப்போவில் சக்கரத்தில் பழகிவிட்டு, விடுமுறைக்கு பஸ் பிடித்து ஐஸில் ஆடப் போகும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த நாளில் அப்படி இல்லை. சிறுமிகளுக்கென்று ஒரு குழு அமைக்க, மாமாவின் ரிங்கில் ஒரு சீனப் பயிற்சியாளர் ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். ஆறாவது ஆள் இல்லாமல் ஆட்டம் கிடையாது. மாமா கொஞ்சமும் யோசிக்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"சக்கரத்துல நிக்கிறவ ஐஸ்லயும் நிப்பா லா. பயப்படாத."

நான் குதித்தேன். ஐஸ் ரிங்க் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"தண்ணிதான். பெரிய தண்ணி. ஒறைஞ்சு கெடக்கும். அது மேல நின்னு ஆடணும்."

குதித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

காரணம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஈயக்குட்டை. ஈயம் தோண்டி முடித்து விட்டுப்போன பள்ளம், தண்ணீர் நிறைந்து குளமாகக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ. கரையில் கணுக்கால் அளவுதான் இருக்கும். அடுத்த அடி வைத்தால் ஆழம் யாருக்கும் தெரியாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து எங்களுக்கு ஓதப்பட்ட வேதம் இது. அதோடு, எங்கள் குட்டை முழுக்க ஆகாயத்தாமரை படர்ந்து பச்சைத் தரை போலவே தெரியும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பசு அதைப் புல் என்று நினைத்துக் காலை வைத்தது. நாலடி நடந்தது. ஐந்தாவது அடியில் காணோம். ஒரு சத்தம்கூட இல்லை. பிளந்த பச்சை மெதுவாக ஒன்றுசேர்ந்து, பழையபடி தரையாகக் கிடந்தது. நானும் அம்மாவும் வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை வெகுநேரம் இறங்கவே இல்லை.

ஆகவே, தண்ணீர் மேல் மூடி போட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த மூடி பச்சையாக இருந்தால் என்ன, வெள்ளையாக இருந்தால் என்ன?

மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் அம்மாவிடம் சொல்வார். கீழே தண்ணீர் என்று தெரிந்தால் அம்மா என்னை வாசல் தாண்ட விடமாட்டாள். பள்ளியில் அருவிக்குக் கூட்டிப்போனபோது என்னைக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டவள் அவள். எனக்கோ ஆட்டமும் வேண்டும். அந்தக் குழு என்னை நம்பியிருக்கிறது என்ற பெருமை வேறு. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு வாரம் பாதிச் சோறு மட்டும் சாப்பிட்டேன். எடை குறைந்தால் ஐஸ் தாங்கும் அல்லவா?

அம்மா அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டதே எனக்குப் பெரிய ஆச்சரியம். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தாள். "இவ்ளோ ஆசையாவா இருக்கு ஒனக்கு?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். "அப்ப நானும் வாரேன்" என்றாள். கையுறைத் தொழிற்சாலையில் லீவே எடுக்காத அம்மா அன்று லீவு எடுத்தாள்.

ரிங்கின் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. உள்ளே, நான் நினைத்ததைவிடப் பெரிய குட்டை. வெள்ளையாக, அசையாமல் கிடந்தது. ஆழத்தில் நீலமும் சிவப்புமாகக் கோடுகள் தெரிந்தன. ஐஸுக்குள் பூசிய சாயம் என்று பின்னாளில் அறிந்தேன். அன்று, கீழே எதுவோ கிடக்கிறது என்றுதான் பட்டது. எனக்கு மூத்திரம் முட்டியது.

ஆடுவதற்குப் பந்துக்குப் பதில் தட்டையாக, கறுப்பாய் ஒரு வில்லையைக் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "கித்தா!" என்றாள். அந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்த பொருள் அந்த ரப்பர் ஒன்றுதான் போலும். அப்போதும் அவள் முகம் தெளியவில்லை.

கோல் ஜாகா பண்ண, அதாவது கோலுக்குக் காவல் நிற்க, யார் வருகிறீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டார். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். பறந்து வரும் கித்தாவுக்கு முன்னால் யார் போய் நிற்பார்கள்? நான் கோல் இருந்த இடத்தைப் பார்த்தேன். சுவருக்குப் பக்கத்தில் இருந்தது. அதாவது, கரைக்குப் பக்கத்தில். கையைத் தூக்கினேன்.

கைதட்டினார்கள். இவ்வளவு தைரியமான பிள்ளையைப் பார்த்ததில்லை என்று பயிற்சியாளர் என் தலையைத் தடவினார். பிறகு கோல் காப்பவருக்குரிய கவசங்களை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். காலுக்கு, மார்புக்கு, கைக்கு, தலைக்கு. அரிசி மூட்டையைக் கட்டிவிட்டது போல் ஆகிவிட்டது. இரண்டு வாரம் பட்டினி கிடந்ததெல்லாம் வீண்.

ஆட்டம் தொடங்கியது. வேறு ரிங்கிலிருந்து வந்திருந்த எதிரணிச் சிறுமிகள் சர்ரென்று என்னை நோக்கி வந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கண் இல்லை. இத்தனை பேர் ஒரே பக்கம் கூடினால் தாங்காதே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருத்தி என் முன்னால் சட்டென்று திரும்பி நின்றாள். அவள் காலடியில் ஐஸ் கரகரவென்று கிழிந்தது. ஐஸ் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். குப்புற விழுந்து, தவழ்ந்து, கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். அந்தக் கம்பம் ஆணியிலிருந்து கழன்று என்னோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்தது. பிடித்துக்கொள்ள உலகத்தில் வேறு எதுவும் இல்லை. "முழுகுறேன்! முழுகுறேன் மாமா!" என்று அலறினேன்.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். மாமா ஐஸின் மேல் ஓடி வந்தார். அடிபட்டதா என்று கையைக் காலைத் தொட்டுப் பார்த்தார். பற்கள் தந்தியடிக்க, நான் கேட்டேன்.

"எவ்ளோ ஆழம் மாமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதற்கும் சிரிக்கிற மனிதர், அன்று சிரிக்கவில்லை. போய்த் துளைபோடும் கருவி ஒன்றை எடுத்து வந்தார். ஐஸின் கனம் பார்க்க அவர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். என் கோலுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு ஐஸைத் துளைக்கத் தொடங்கினார்.

அந்தக் கோடியிலிருந்து அம்மா கத்தினாள். "டேய், அத தோண்டாதடா! புள்ள பக்கத்துல நிக்குதுடா!"

மாமாவின் வேலை போய்விடுமே என்று கத்துகிறாள் என எடுத்துக்கொண்டேன். கருவி டக்கென்று நின்றது. துளைக்குள் என் சுண்டுவிரலை விடச் சொன்னார். முழு விரல்கூடப் போகவில்லை. அடியில் கடினமாக ஏதோ இடித்தது.

"சிமெண்டு லா பாப்பா. நம்ம பூப்பந்துத் தளம் மாதிரிதான். தண்ணியே கெடையாது."

அதற்குப் பிறகு நான் எழுந்து நின்று ஆடினேன். ஆழத்தின் பயம் போன பிறகுதான், பறந்து வரும் வில்லை எவ்வளவு வேகம் என்பதே எனக்குத் தெரிந்தது. அது வேறு பயம். கண்ணை மூடிக்கொண்டு பதினொரு கோல் வாங்கினேன். எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஆட்டம் முடிந்து அம்மாவைத் தேடினால், உட்கார வைத்த நாற்காலியில் அவள் இல்லை. நாங்கள் ஐஸுக்குள் இறங்கும் சிறிய கதவருகே நின்றாள். வெறுங்கால். விரல்கள் குளிரில் வெளுத்துப்போயிருந்தன. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து இப்படியேதான் நிற்கிறாள் என்று பயிற்சியாளர் சொன்னார். மற்ற அம்மாக்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, எனக்கு மானம் போயிற்று.

"ஏம்மா இப்படி நிக்கிற? செருப்பப் போடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

அம்மா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கீழ தண்ணியே இல்லம்மா. வெறும் சிமெண்டு" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

"சிமெண்டா?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அது எனக்கு அன்றும் தெரியும். தெரிந்திருந்தும், அவள் எதற்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது விளங்கவில்லை. பதினொரு கோல் வாங்கிய வெட்கத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த தடவை ஒன்றுகூட விடமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.