சாமந்திக்குக் கட்டிய நாடா

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காலையில் அவசர அவசரமாகப் பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டு, விசேஷத்துக்கென்று பெட்டியில் வைத்திருந்த உள்பாவாடையை உருவினால்... நாடா இல்லை! அடுத்ததிலும் இல்லை!

"என்னங்க, என் நாடா எல்லாம் எங்க?"

என் கணவர் முன் அறையில் தன் சாமந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சாமந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேலையூரில் வாசலில் செடி வைத்தால் ஆடு விட்டுவைக்குமா? அதனால் மண்ணெண்ணெய் டின்னில் நட்டு, ஜன்னலோரம் வைத்து வளர்க்கிறார். போன வருஷம் அது வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு போய்விட்டது. பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோனால், சர்ச்சில் யாரோ கொண்டுவந்த பலாப்பழத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். மனிதர் அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை.

இந்த வருஷம் சர்ச்சில் எல்லார் கண்ணிலும் படும்படி ஆல்டருக்கு முன்னால் வைத்தே தீருவது என்று பிடிவாதம். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் சீட்டாடப் போகிறவர், நேரே வீட்டுக்கு வந்தார். தினமும் டின்னைத் திருப்பி வைத்தார். உயர்ந்த கொழுந்தைக் கிள்ளினார்; நீண்ட கிளையை வளைத்து டின் விளிம்போடு கட்டினார். எல்லாப் பூவும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமாம்! நின்றதே - ஜமக்காளம் விரித்த மாதிரி, ஒரே மஞ்சள்.

இப்போது குனிந்து இலைக்கு அடியில் பார்த்தேன். அடப்பாவி மனுஷா! அத்தனையும் என் நாடா!

"சணல் கிளையை அறுக்குது ஸ்டெல்லா. நாடான்னா மெத்துன்னு இருக்கு."

"சர்ச்சே பாக்கற இடத்துல என் பாவாடை நாடாவா? மானம் போயிடும்!" கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வேணாம்மா... வெட்டினா கிளையெல்லாம் மேல எழும்பிடும். மறுபடியும் பலாப்பழத்துக்குப் பின்னாடிதான்."

அந்த முகத்தைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. ஆனால் மானம்? கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வெட்டினேன்.

கிளை அசையவில்லை! இன்னொன்று... ம்ஹூம். வளைத்த இடத்திலேயே முற்றி, நிலைத்துப் போயிருந்தது. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாடா எல்லாம் துண்டுதுண்டாகிவிட்டதால், மிச்சமிருந்த சணலைத்தான் பாவாடையில் கோத்துக் கட்டிக்கொண்டு போனேன். அறுக்கத்தான் செய்தது!

சாமந்தி ஆல்டருக்கு முன்னால், நட்ட நடுவில். ஆராதனை முடிந்து, வழக்கம்போலக் காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். சாமந்தி வந்ததும் முதலில் கை தூக்கியது யார் தெரியுமா? நான்தான். அதை இன்னொரு வீட்டுக்கு விட மனசு வரவில்லை.

பண்டிகை முடிந்துவிட்டது. இருந்தும் இந்த வாரம் முழுக்க அவர் ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்குத்தான் வருகிறார். சத்தியமாக நான் நாடா எதுவும் கட்டவில்லை!