ஏசி மேல் போட்ட புடவை

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு எண்ணெய் மில் ஆபீசில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் அறைக்கு நான்தான் ஆள். மெஷினைத் தொடக் கூடாது. கதவு திறந்து கிடக்கக் கூடாது, ஏசி நிற்கக் கூடாது. சூடு பார்க்கச் சுவரில் முள் வைத்த வட்டம். அதில் ஒரு சிவப்புக் கோடு. எனக்கு முன்னால் இருந்தவன் காலத்தில் முள் கோட்டைத் தாண்டி மெஷின் நின்றுவிட்டது. அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தக் கோடுதான் சோறு.

அக்னி நட்சத்திரம். வருஷக் கணக்கை மெஷினில் ஓடவிட்டு ஆபரேட்டர் திண்டிவனம் கிளைக்குப் போயிருந்தார். மத்தியானம் முதலாளி வீட்டம்மா வந்தார். கையில் மகள் வயிற்றுப் பேரன். உடம்பெல்லாம் வேர்க்குரு.

"ஊட்ல ஃபேன் காத்தே அனலா அடிக்குது. கத்திக்கினே கீறான். கொஞ்ச நேரம் இங்க படுக்கட்டும்."

முடியாது என்று நான் எப்படிச் சொல்வது?

அறை ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு கோடியில் ஏசி, மறு கோடியில் மெஷின், நடுவில் பெஞ்சு. குழந்தையை அதில் கிடத்தினார். குளிர் காற்று பட்டதும் அது தும்மியது. உடனே, கையோடு கொண்டுவந்திருந்த ஒரு பழம்புடவையை ஏசியின் முகத்தில் தொங்கவிட்டு முனைகளைச் செருகினார்.

"அம்மா, துணி போட்டா மெஷினுக்குக் காத்து போவாதுங்க."

"மெஷினுக்கா சளி புடிக்கும்? புள்ளைக்குப் புடிச்சா நீயாய்யா மருந்து ஊத்துவ?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முள் நகர்ந்துகொண்டிருந்தது. முதலாளிக்குப் போன் போட்டால் அவர் சம்சாரத்தின் மேல் கோள் சொன்ன மாதிரி. போடாவிட்டால் வேலை போகும். முள் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

புடவையை உருவினேன்.

"எவ்ளோ திமிரு ஒனக்கு!"

"காத்து புள்ள மேல படாதுங்கம்மா. நான் நிக்கிறேன்."

பெஞ்சை ஒட்டி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றேன். என் இரண்டு பக்கமும் வழிந்து காற்று மெஷினுக்குப் போயிற்று. குழந்தை தூங்கியது. முதுகு மரத்தது. முள் வெகுநேரம் அசையவில்லை. அப்புறம் மெல்ல இறங்கியது.

சாயங்காலம் முதலாளி வந்தார்.

"இன்னாய்யா, ஏசிய மறைச்சிக்கினு நிக்கிற? காத்து சுகமா கீதா?"

"கத்தாதீங்க. புள்ள தூங்குது" என்றார் அம்மா.

முதலாளி முள்ளைப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் கதவைத் திறக்கும்போதே அம்மா குழந்தையோடு வந்துவிட்டார். பெஞ்சில் துணியை விரித்தார்.

"ம், வந்து நில்லுய்யா" என்றார்.