நீலம் பார்க்கும் ரென்னி

பெட்ரோல் கேனை இரண்டு கையாலும் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ரென்னி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் பெட்ரோல் இளநீலமாகத் தெரிந்தால் கீழே வைக்கிறான். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் தூக்குகிறான். அதற்குள் நீலம் எங்கே ஓடிவிடும் என்று கேட்டால் மூன்றாவது தடவையும் தூக்குவான். சாலமன் தீவுகளின் செகே படகுத்துறையில், மூண்டா ஊருக்குப் போகக் காத்திருக்கும் ஜனங்கள் இந்தப் பூசை முடியும்வரை பாக்கை மென்றுகொண்டு சும்மா இருக்கப் பழகிவிட்டார்கள்.

சும்மா இருக்கத் தெரியாதவன் அவன் ஒருவன்தான். வயது நாற்பத்துமூன்று. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் படகுக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவான். சர்க்கரைவள்ளிக் கிழங்கை நடந்துகொண்டேதான் தின்பான். கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது இரண்டு தடவையாவது எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவான். தூரத்தில் ஒரு படகு போனால் போதும், மூக்கை நீட்டிப் புகையை மோந்து, "கம்பெனி எண்ணெய் இல்ல. வேற எதையோ ஊத்திருக்கான்" என்பான். பாதி தடவை தப்பாகச் சொல்வான். அதைப் பற்றி அவனுக்கு வெட்கம் கிடையாது.

அவன் ஓட்டும் நாற்பது குதிரைச் சக்தி படகு மோட்டார், திருச்சபைப் பெண்கள் சங்கத்துக்குச் சொந்தம். இருபது லிட்டர் பெட்ரோலில் நானூறு மில்லி எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். எண்ணெய் சேராத வெறும் பெட்ரோல் போனால் உள்ளே இரும்பை இரும்பு கடித்து மோட்டார் இறுகிவிடும். மோட்டார் செய்த கம்பெனியே விற்கும் எண்ணெய் நீலச் சாயத்தோடு வரும். வெளிக் கம்பெனி எண்ணெய் பாதி விலைக்குக் கிடைக்கும். ரென்னி எட்டு வருஷமாக அந்த நீலத்தைத் தவிர வேறொன்றைத் தொட்டதில்லை. ஊரில் அவனுக்குக் கம்பெனி மாப்பிள்ளை என்று பெயர்.

பட்டறை வில்சம் எத்தனையோ தடவை இரண்டு புட்டியையும் திருப்பிக் காட்டிவிட்டான். "முன்னாடி இருக்கிற பேரப் பாக்காத மச்சான், பின்னாடி இருக்கிற எழுத்தப் பாரு. ரெண்டும் ஒரே தரம்தான். மோட்டாருக்குப் பேரு படிக்கவா தெரியும்?"

"எனக்குக் கண்ணு தெரியுமே" என்பான் ரென்னி.

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று வில்சமுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிடிவாதக்காரன் பேச்சில் அர்த்தம் தேடக்கூடாது என்று விட்டுவிட்டான்.

போன மாதம் வந்த இரண்டு கப்பலிலும் நீல எண்ணெய் வரவில்லை. சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசி வெளிக் கம்பெனி எண்ணெயில் ஒரு பீப்பாய் வாங்கிவிட்டார்கள். சங்கத் தலைவி மெரிலா, ரென்னியின் அண்ணி. அவன் அண்ணன் ஆல்பின் கடலோடு போய் எட்டு வருஷமாகிறது. அவள் சுற்றிவளைத்துப் பேசுகிறவள் இல்லை. "திங்கக்கெழம இந்த எண்ணெயிலதான் படகு போவும். ஒனக்கு முடியலன்னா சொல்லிடு, மோட்டார வேற ஆளுகிட்ட குடுத்துடறோம்" என்றாள். மோட்டார் இல்லாத ரென்னியை ஊரில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அவனாலும்தான்.

திங்கட்கிழமை வந்தது. புது எண்ணெய் தேன் நிறம். பெட்ரோலில் கலந்தால் இருந்த இடம் தெரியாது. மெரிலா கொண்டுவந்து வைத்த கேனை ரென்னி ஐந்து தடவை தூக்கிப் பார்த்தான்.

"என்ன ரென்னி, உள்ள மீனு கீனு நீந்துதா?" என்றாள் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒன்பது பயணிகளும் சிரித்தார்கள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு கேனை. எட்டு வருஷத்துக்கு முன் ஆல்பின் வாங்கி வைத்திருந்ததும் நிறமில்லாத எண்ணெய்தான். நல்ல எண்ணெய், அதன்மேல் குற்றமில்லை. கொட்டகையில் கலந்த கேனும் கலக்காத கேனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பந்தாட்டத்துக்கு நேரமாகிறது என்று பறந்துகொண்டிருந்த தம்பி ரென்னி, கைக்கு வந்த ஒன்றைத் தூக்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஓடினான். பவளத்திட்டைத் தாண்டிய வெளிக்கடலில் மோட்டார் இறுகியது. பத்தொன்பது நாள் கழித்துப் படகு மட்டும் கிடைத்தது. மோட்டார் ஏன் நின்றது என்று ஊர் பத்து விதமாகப் பேசியது. கேனை எடுத்துக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

"கலந்தாச்சு. நானேதான் கலந்தேன்" என்றாள் மெரிலா.

"எப்புடித் தெரியறது அண்ணி? ஒண்ணுமே தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியலன்னா வெரலுக்குத் தெரியும். விட்டு எடு. பெட்ரோல் காத்தோட போயிடும். எண்ணெய் இருந்தா தங்கும்."

ரென்னி மூடியைத் திறந்து, கேனைச் சாய்த்து, ஆள்காட்டி விரலை நனைத்தான். விரல் சில்லென்றது. காயும்வரை பொறுக்கவேண்டும். விரலை நீட்டிக்கொண்டு நின்றான். கால் ஆடவில்லை, கயிற்றைத் தேடிக் கை போகவில்லை. அப்படி அசையாமல் நின்றபோதுதான் அது வாயிலிருந்து வந்தது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"அன்னிக்கு அண்ணனுக்குக் கேன எடுத்துக் குடுத்தது நான்தான்."

"தெரியும்" என்றாள் மெரிலா. "நீ கேனோட ஓடுனதப் பாத்தேன். அண்ணன் வரலன்னதும் கொட்டகையில மிச்சமிருந்த கேன்ல இப்புடித்தான் வெரல விட்டேன். வழுக்குச்சு. கலந்த கேன் போவல."

"எட்டு வருஷமாவா?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

டீச்சர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தாள். இருவரும் திரும்பவில்லை. விரல் காய்ந்துவிட்டிருந்தது. ரென்னிக்கு அதைத் தேய்த்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மெரிலா அந்த விரலைத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து நிதானமாகத் தேய்த்தாள். வழுக்கியது. பிறகு குனிந்து, மோட்டார்த் தொட்டியின் மூடியைத் தானே திருகி எடுத்து, அவன் ஊற்றட்டும் என்று கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.