பொன்னுராஜுக்கு வந்த கோபம்

தேனி பஜாரில் பருப்புக் கடை வைத்திருந்த பொன்னுராஜ் தமிழில் வித்துவான் பட்டம் வாங்கியவர். படிப்புக்கும் பிழைப்புக்கும் சம்பந்தமில்லாமல் போனதில் அவருக்கு வருத்தமில்லை. கோபம் என்பதே வராத மனிதர். எடை குறைகிறது என்று யாராவது கத்தினால், இன்னொரு கை அள்ளிப் போட்டுவிடுவார்.

எழுபத்தொன்றாம் வருஷம், அவர் மனைவி நர்ஸ் சுகிர்தத்துக்கு இத்தாலியில் ஓர் ஆஸ்பத்திரி வேலை கூடி வந்தது. மதுரையில் கன்னியாஸ்திரீகள் வைக்கும் தேர்வில் தேற வேண்டும். இத்தாலிய வினைச்சொற்களை அசை பிரித்து, எந்த அசையை அழுத்துவது என்று சொல்லிக் காட்ட வேண்டும். தவறினால் அந்த இடம் கம்பத்துப் பெண் ஒருத்திக்குப் போய்விடும்.

அசைதானே என்று பொன்னுராஜ் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ‘பேசுகிறேன்’ என்பதற்குப் பார்லோ. நேர் நேர், தேமா. ‘பேசுகிறார்கள்’ என்பதற்குப் பார்லனோ. நேர் நிரை, கூவிளம். புத்தகமோ அதைப் பார், ல, னோ என்று மூன்றாக வெட்டியிருந்தது. போதாக்குறைக்கு அழுத்தம் வேறு. பார்லோவில் முதலில் இருந்தது, ‘பேசுகிறோம்’ என்கிற பார்லியாமோவில் நடுவுக்கு நகர்ந்தது. பார்லனோவில் திரும்ப முதலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. சோறு இறங்காமல் குழம்பினார்.

சுகிர்தம்தான் வழி கண்டாள்.

“கோபத்துல பேசுறப்ப ஒரு எடத்துல கொரல் குத்தும்ல, அங்கன அழுத்துங்க.”

“எனக்குத்தான் கோபம் வராதே.”

“வந்த மாதிரி பேசுங்க.”

அன்று மாலையிலிருந்து இருவரும் விரலை நீட்டி, பார்லோ, பார்லியாமோ என்று மாறி மாறிக் கத்தினார்கள். எதிர்வீட்டுச் சங்கிலியம்மாள் சமாதானம் பண்ண வந்துவிட்டாள்.

“ஏப்பா பொன்னுராசு, புரியாத பாசையில வஞ்சா வஞ்சதாகாதோ?”

பாடம் படிக்கிறோம் என்று அவர் விளக்கினார். இப்படி முறைத்துக்கொண்டு என்ன பாடம் படிக்கிறீக என்று அவள் கேட்டாள். அவருக்கே அது சரியாகத் தெரியவில்லை.

சுகிர்தம் தேறினாள். அழுத்தமெல்லாம் சரி, முகத்தில் ஏன் இவ்வளவு கடுகடுப்பு என்று கன்னியாஸ்திரீ விசாரித்தாராம்.

கிளம்பிய அன்று பஸ் ஜன்னல் வழியாக, “தோர்நெரோ” என்றாள். திரும்பி வருவேன். கடைசி அசையில் விழுந்த அழுத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பொன்னுராஜ் பதிலுக்கு வாயைத் திறந்தார். எங்கே அழுத்துவது என்று பிடிபடுவதற்குள் பஸ் போய்விட்டது.

“போறப்பக்கூட வஞ்சுட்டுத்தான் போறா. நீ என்ன பாடு படுத்துனியோ,” என்றாள் வழியனுப்ப வந்த சங்கிலியம்மாள்.

அதன்பின் பஜார் முழுக்க அவர் கோபக்காரர். எடையைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. யாரும் கத்தாதபோது அந்த இன்னொரு கை பருப்பைப் போடுவதா வேண்டாமா என்று பொன்னுராஜ் தராசின் முன்னால் குழம்பி நின்றார்.