எல்லாம் பச்சை சார்

பச்சைக்கொடி நல்ல மனிதன் என்று சொல்லி ஆரம்பித்தால் கேட்க இதமாக இருக்கும். ஆனால் அது பச்சைப் பொய். நல்ல வேலைக்காரன், அவ்வளவுதான் சொல்லலாம். பதினான்கு வருடமாக ஒரு கம்பெனியின் அலுவலகங்களில் கேபிள் இழுத்து, கம்ப்யூட்டர்களையும் போன்களையும் இணைத்துக் கொடுக்கிற உத்தியோகம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் இணைப்பு சரி. ஆரஞ்சு எரிந்தால் எங்கோ கோளாறு. வேலை முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு, "எல்லாம் பச்சை சார்" என்பான். வேறு நிறம் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை என்பதால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

கூத்து என்னவென்றால், பச்சை எது, ஆரஞ்சு எது என்று அவனுக்குத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாமே அவன் கண்ணுக்கு மங்கிப்போன கடுகு நிறம். நீலம் மட்டும் தப்பியது. கம்பெனியில் இந்தக் குறை உள்ளவனைக் கேபிளைத் தொடவே விடமாட்டார்கள். எட்டு எட்டாக வருகிற மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்துத்தானே கோக்க வேண்டும்?

அவன் விரலால் பார்த்தான். கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கின் நெருக்கம் வேறு. புதுக் கேபிள் வந்தால் ஒரு முழம் வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோவான். மனைவி ஒருமுறை எது எந்த நிறம் என்று சொல்லிவிட்டால் போதும், விரல் மறக்காது. விளக்குகளுக்கு விரல் உதவாது. அதற்குப் போன் இருந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்புவான். அவள் ஒரே வார்த்தையில் பதில் போடுவாள். படித்ததும் அழித்துவிடுவான்.

கல்யாணமான முதல் வாரம் காய் வாங்கப் போனவன், பழம் என்று நினைத்துக் கூடை நிறையப் பச்சைத் தக்காளி வாங்கி வந்தான். அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதே, உன் காலைப் புடிச்சுக் கேட்டுக்கிறேன்" என்றான். பதினான்கு வருடம் அவள் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. கம்பெனியின் கண் பரிசோதனைக்கு, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்து, எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்தாள். வருடா வருடம் தேறினான்.

காலைப் பிடித்தவன் அதோடு நின்றானா? வேலை நிலைத்ததும் தலை நிமிர்ந்தது, நாக்கு நீண்டது. பதில் வர இரண்டு நிமிடம் தாமதமானால் சாயங்காலம் வீட்டில் பூகம்பம்.

"நான் அங்கே ஏணி மேல நிக்கிறேன். நீ இங்கே என்னத்தைக் கிழிச்சிட்டிருந்தே?"

"குளிச்சிட்டிருந்தேங்க."

"போனை எடுத்துட்டுப் போறதுக்கு என்ன? ஒண்ணும் தெரியாத ஜென்மம்."

ஒன்றும் தெரியாத அந்த ஜென்மம், படங்களைப் பார்த்துப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுவைத்திருந்தது. "ஆரஞ்சு. கேபிள் சரியா உக்காரலை, அழுத்துங்க" என்று எழுதுவாள். அழுத்தினால் சரியாகிவிடும். அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை நூல். மீந்த நூல்களை வைத்து மெத்தை உறைகளில் பூ போடுவாள். ஒரு நாள் அவன் மேனேஜரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். மேனேஜர் மனைவி தையல் நூல் கடை வைத்திருப்பவர். உறையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இந்த ஒரு இலையில ஏழு பச்சை இருக்கே! இப்படி ஒரு கண்ணைத்தான் நான் ரெண்டு வருஷமாத் தேடறேன். என் கடைக்கு வந்துடறீங்களா? கலர் பார்த்து எடுத்துக் குடுக்கிற வேலைதான்."

"அவர்கிட்டக் கேட்டுச் சொல்றேங்க" என்றாள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு இருந்தது. நல்லதாக இரண்டு புடவைகளை எடுத்துத் தேய்த்துக்கூட வைத்துவிட்டாள்.

பச்சைக்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தான். இவள் கடையில் நின்றால் படத்துக்கு யார் பதில் போடுவது? நாலு பெண்களோடு பழகினால் வாயைவிட்டு உளறமாட்டாள் என்று என்ன நிச்சயம்? மறுநாள் மேனேஜரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"வெளியே சொல்ல வெட்கமா இருக்கு சார். அவளுக்குப் பச்சை, சிவப்பு தெரியாது. பிறவிக் குறை. அந்த உறைக்கு நூல் எல்லாம் நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அடப் பாவமே!"

"ஒருதரம் பழம்னு நெனச்சு ஒரு கூடை பச்சைத் தக்காளி வாங்கிட்டு வந்து நிக்கறா சார்."

மேனேஜர் சிரித்தார். மேனேஜர் சிரித்தால் சும்மா விடலாமா? மத்தியானம் எல்லோர் முன்னாலும் அவள் கூடையோடு நிற்பதுபோல் நடித்தே காட்டினான். அவனுக்குக் கீழே உதவியாளாக இருந்த ஏணி மட்டும் சிரிக்கவில்லை. பத்து வருடமாகப் பச்சைக்கொடிக்கு ஏணி பிடித்து அந்தப் பெயரை வாங்கிய நடுவயசுக்காரன் அவன். வசவு வாங்கி வாங்கிச் சிரிப்பு மரத்துப்போயிருந்தது.

சாயங்காலம் மேனேஜர் மனைவி அவளுக்குப் போன் செய்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, கண்ணுல குறைன்னு. பாவம், மனசைத் தளரவிடாதீங்க."

அவள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தப் புடவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் கண்ணு தெரியாதவளாங்க?"

"அதுக்கு இப்ப என்ன? சோத்தைப் போடு."

போட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மூன்று நாள் கழித்து அவன் வாழ்க்கையிலேயே பெரிய வேலை வந்தது. போனில் முன்பதிவு எடுக்கும் அவன் கம்பெனி புதிதாக ஒரு தளம் திறக்கிறது. அந்தத் தளத்துக் கேபிள்கள் எல்லாம் வந்து சேர மூன்று அடுக்கு சுவிட்சுகள். சுவரில் தட்டுகிற சுவிட்ச் இல்லை. முன்பக்கம் வரிசையாகத் துளைகள் உள்ள தட்டையான இரும்புப் பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, தனிக் கேபிளால் பின்னால் இணைத்துவிட்டால் மூன்றும் ஒரே பெட்டியாக வேலை செய்யும்.

"இது சரியா ஓடிச்சுன்னா இந்தத் தளம் உன் பொறுப்பு" என்றார் மேனேஜர். "தனி அறை, உனக்குக் கீழே நாலு பேர். சொதப்பினே, அப்புறம் நான் ஏணியைத்தான் பார்க்கணும்."

ஏணியா! பச்சைக்கொடி வாய்விட்டுச் சிரித்தான். அந்தத் தனி அறையில் மேசையை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டான்.

திறப்புக்கு முந்தின நாள் காலையில் வேலையை ஆரம்பித்தான். இரும்புச் சட்டத்தில் பெட்டிகளின் ஓரத்துக் காதுகளைத் திருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூன்று பெட்டிகளையும் ஏற்றினான். வெளியிலிருந்து வரும் லைன் மேல் பெட்டியில். ஹாலில் உட்காரப்போகும் இருபத்து நான்கு பெண்களின் போன்கள் கீழ்ப் பெட்டியில். நடுப்பெட்டி அடுத்த மாதம் வருகிறவர்களுக்காகக் காலி. பிறகு பின்பக்கம் போனான். மேலிருந்து நடுவுக்கு ஒரு கேபிள், நடுவிலிருந்து கீழுக்கு ஒன்று, கீழிலிருந்து திரும்ப மேலுக்கு நீளமாக ஒன்று. மூன்றும் கைகோத்த வளையம். வளையம் முழுசாக இருந்தால், ஒரு பெட்டி படுத்தாலும் மற்ற இரண்டும் வேறு வழியாகப் பேசிக்கொள்ளும்.

ஒவ்வொரு முனையையும் செருகும்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அவன் காது அதற்குப் பழகியது. ஆனால் அன்று பக்கத்து அறையில் ஏசிக்காரர்கள் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். நீளக் கேபிளின் கீழ் முனையைச் செருகியபோது சத்தம் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, விளக்கு சொல்லுமே.

கரண்ட் கொடுத்தான். மேல் பெட்டி முதலில் விழித்துத் தலைமை ஏற்றது. மற்ற இரண்டும் பின்னால் வந்தன. மூன்று கேபிளுக்கு ஆறு முனை, ஆறு விளக்கு. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே உடம்பை நுழைத்து ஆறு படம் எடுத்து அனுப்பினான்.

பச்சை. பச்சை. பச்சை. பச்சை. பச்சை.

ஆறாவதற்குப் பதில் வரவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது, நான்கு போனது. "சனியன், அங்கே என்ன பண்றாளோ" என்று பல்லைக் கடித்தான். பிறகு போன் சிணுங்கியது.

பச்சை.

அவள் அந்த நான்கு நிமிடமும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.

பெட்டிகளுக்கு வேண்டிய கட்டளைகளை முன்கூட்டியே பதிந்து அனுப்பியிருந்த இன்ஜினியர், வேறு ஊரிலிருந்து போனில் கேட்டார். "ஆறும் பச்சையா? நல்லாப் பார்த்துட்டியா? உன் வார்த்தையை நம்பித்தான் முடிக்கிறேன்."

"எல்லாம் பச்சை சார்."

படிவத்தில் ஆறு கட்டம். ஆறிலும் பச்சை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை பத்து மணி. முதலாளி வந்தார், விருந்தாளிகள் வந்தார்கள். தொழில்நுட்ப ஆட்களுக்கெல்லாம் புதுப் பச்சைச் சட்டை கொடுத்திருந்தார்கள், உதவியாட்களுக்குச் சிவப்பு. ஹாலில் இருபத்து நான்கு பெண்களும் காதில் மாட்டிக்கொண்டு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா?" என்று முதலாளி கேட்டார்.

மேனேஜர் வாய் திறப்பதற்குள் பச்சைக்கொடி முந்திக்கொண்டான். "நடுவுல இருக்கிறதை இப்பவே புடுங்கிக் காட்டட்டுமா சார்? ஒரு போன் கால்கூடக் கட் ஆகாது."

நடுப்பெட்டியின் கரண்ட் வயரைப் பிடுங்கினான். மேல் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் நடுவே இருந்த ஒரே வழியும் போனது.

முதலில் ஒரு பெண் "ஹலோ?" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு இருபத்து நான்கு பேரும். "ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா?" விருந்தாளி ஒருவர் களுக்கென்று சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

கரண்டைத் திரும்பக் கொடுத்து, எல்லாம் உயிர் வரப் பத்து நிமிடம் ஆனது. ஏணி டார்ச்சோடு பின்பக்கம் குனிந்தான்.

"சார், அஞ்சு பச்சை. கீழே ஒண்ணு ஆரஞ்சா எரியுது. கேபிள் முழுசா உள்ளே போகலை." கட்டைவிரலால் ஓர் அழுத்து. க்ளிக். "இப்பப் பாருங்க, பச்சையாயிடுச்சு."

எல்லோரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பச்சைக்கொடியும் பார்த்தான். அவனுக்கு எதுவும் மாறவில்லை. அவனும் தலையாட்டினான்.

மேனேஜர் படிவத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "ஆறும் பச்சைன்னு எழுதியிருக்கே. என்னய்யா இது? கண்ணு தெரியலையா உனக்கு?"

கண் தெரியவில்லை என்று சொன்னால் பதினான்கு வருடத் தொழில் இன்றோடு சரி. மனைவி சொன்னாள் என்றால்? பச்சை சிவப்பு தெரியாதவள் என்று அவனே நடித்துக் காட்டிய மனைவி. அவளிடமா கேட்டாய் என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அடுத்து, ஏன் கேட்டாய் என்பார்கள். தப்பித்துப் போக ஒரு சந்துகூட மிச்சமில்லாமல் அடைத்தவன் அவனேதான்.

"பார்க்காமலே எழுதிட்டேன் சார்" என்றான்.

"வீட்டுல அந்தம்மாவுக்குத்தான் கண்ணு இல்லை, பாவம். உனக்கு இருந்தும் பார்க்கமாட்டேங்கிறே" என்றார் மேனேஜர். விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னார். "நாளையிலேர்ந்து ஏணிதான் இந்தத் தளத்துக்கு. நீ அவனுக்கு ஏணி புடி. ஸ்டோர்ல சிவப்புச் சட்டை வாங்கிக்கோ."

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் நூலைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் பச்சையா எரிஞ்சுதாங்க?" என்றாள்.

அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை.

"எனக்குத்தான் பச்சை, சிவப்பு தெரியாதே. ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே? தெரியாதவகிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்தால் நாளைக்கு யாரிடம் கேட்பது? இவளை விட்டால் அவனுக்கு வேறு கண் இல்லை. இவளை இனி நம்பவும் முடியாது. கை தானாக இறங்கியது. அவள் நூலை விட்ட இடத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.

காலையில் இரண்டு புதுச் சட்டைகளும் துவைத்துத் தேய்த்துப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒரே துணி, ஒரே அளவு, ஒரே கடுகு நிறம். பச்சையைப் போட்டுக்கொண்டு போனால் திமிர் என்பார்கள். இருக்கிற வேலையும் போகும். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"இதுல சிவப்பு எதும்மா?"

'அம்மா' என்று அவளை அவன் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் அடுப்பிலிருந்து ஒருமுறை திரும்பி, இடது பக்கத்துச் சட்டையைக் கை காட்டினாள்.

அவன் அதைப் போட்டுக்கொண்டான். தெருவில் எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தான். அலுவலக வாசலில் காவலாளி அவனைப் பார்த்துச் சிரித்தான். தினமும் சிரிக்கிறவன்தான் அவன். இன்றைக்கு எதற்குச் சிரித்தான் என்று பச்சைக்கொடிக்குத் தெரியவில்லை.