வலது காதுக்கு ஒரு மூடி

துப்பாக்கிக் கழகத்தில் அவளுக்கு விசில் அக்கா என்று பெயர். பன்னிரண்டு தடங்கள் உள்ள அந்தச் சுடுகளத்தில், அவள் "சுடலாம்" என்று சொல்லாமல் ஒரு தோட்டாவும் கிளம்பாது. அவள் விசில் ஊதினால் பன்னிரண்டு பேரும் விரலை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். டாக்டரானாலும் வக்கீலானாலும், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் சொன்னதுதான் சட்டம். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் அவள் உட்கார அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

பதினொரு வருடமாக இந்த வேலை. அதில் இடது காது போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு போன் மணி. பிறகு இடது பக்கம் உட்கார்ந்து பேசுகிறவர்களின் சொற்களில் பாதி. லிப்ட் ரிப்பேர் செய்யும் வேலையில் இருந்த அவள் கணவன் ஒரு நாள் தட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வலது பக்கம் மாறி உட்கார்ந்தான்.

"என்ன, இடம் மாறியாச்சு?"

"சண்டை போடணும்னா அந்தப் பக்கம் வர்றேன். நான் பாட்டுக்குத் திட்டிட்டுப் போயிடலாம். சோறு கேக்கணும்னா இந்தப் பக்கந்தான் வசதி."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் கண் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே அவன்தான் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போனான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் பரிசோதகர், சின்ன வயதுப் பெண், ஒரு வரைபடத்தை முன்னால் வைத்தாள். இடது காதின் கோடு மாடிப்படியிலிருந்து தடுக்கி விழுந்ததுபோல் ஒரே சரிவாகச் சரிந்து கிடந்தது.

"இது எனக்குத் தெரிஞ்சதுதாம்மா. வலது எப்படி இருக்கு?"

"அதுவும் இறங்க ஆரம்பிச்சிருச்சும்மா." அந்தப் பெண் பென்சிலால் கோட்டின் நுனியைத் தொட்டாள். "காதுக்குள்ள மயிர் மாதிரி செல்லு இருக்கு. சத்தம் வந்தா சாஞ்சு நிமிரும். ரொம்பப் பெரிய சத்தம்னா சாஞ்சது சாஞ்சதுதான், செத்துடும். செத்தது மறுபடி முளைக்காது. இதே வேலையை இதே மாதிரி செஞ்சீங்கன்னா ஒரு வருஷம், மிஞ்சினா ஒன்றரை வருஷம்."

"மருந்து?"

"இல்லம்மா. இருக்கறதைக் காப்பாத்தறதுதான். நீங்க காதுமூடி போடறதே இல்லையா?"

போடாமல் என்ன? கழகம் கொடுத்த சிவப்பு நிறப் பிளாஸ்டிக் மூடி பதினொரு வருடமாகத் தலையில்தான் இருக்கிறது. ஆனால் களத்தில் வேலை செய்கிற யாரும் அதை இரண்டு காதிலும் போடமாட்டார்கள். ஒரு பக்கத்து மூடியைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அந்த மூடி வெடிச்சத்தத்தை மட்டுமா அடைக்கும்? மனிதக் குரலையும் சேர்த்துத்தான் அடைக்கும். "துப்பாக்கி சிக்கிக்கிச்சு" என்று ஏழாவது தடத்திலிருந்து ஒருவர் கத்தும்போது அது அவள் காதில் விழாவிட்டால், அவர் குண்டு நிரம்பிய துப்பாக்கியோடு அப்படியே திரும்பிவிடுவார். அவளுக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் காலத்தில் ஒருவர் அப்படித் திரும்பி, தோட்டா ஒன்று மேல்கூரையில் பாய்ந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. போட்டால் ஆள் போவான், கழற்றினால் காது போகும். களத்து ஆட்கள் காதைக் கொடுத்தார்கள். அவள் இடதைக் கொடுத்தாள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. உறுப்பினர்கள் போட்டுக்கொண்டு வருகிறார்களே எலக்ட்ரானிக் காதுமூடி, அதுதான். வெளியே சின்ன மைக் இருக்கும். பேச்சை அப்படியே உள்ளே தரும். வெடித்த அந்த நொடியில் மட்டும் சத்தத்தை அமுக்கிவிடும். வாரத்தில் ஒரு மணி நேரம் சுட வருகிறவர் காதுக்கு அது உண்டு. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், பன்னிரண்டு துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கிறவள் காதுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக். இதைக் கழகத்தில் யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை; இயற்கை என்று நினைத்தார்கள்.

மேனேஜரிடம் கேட்டபோது அவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"சில பேருக்கு அப்படித்தாம்மா. அவங்கவங்க தலையெழுத்து."

"தலையெழுத்துல டெசிபல் எல்லாமா சார் எழுதியிருப்பாங்க? எனக்கும் குட்டைத் தம்பிக்கும் ஒரே பக்கம் ஒரே மாதிரி எழுதினது யாரு?"

குட்டைத் தம்பி என்பவன் மாலை நேரக் களத்தைப் பார்த்துக்கொள்கிறவன். ஆறடி உயரம், அதனால் அந்தப் பெயர். அவனுக்கும் இடது காதுதான் மந்தம். இரண்டு பேரும் வலது கையில் விசில் வைத்திருப்பவர்கள்; தள்ளிவிட வாகான பக்கம் இடதுதான். இதைப் புரிந்துகொள்ள ஜோசியர் தேவையில்லை.

மேனேஜர் வரைபடத்தை நேராகத் திருப்பினார். "சரி சரி. புதன்கிழமை விற்பனைக்காரர் மெம்பர்களுக்குக் காட்ட சாம்பிள் கொண்டுவர்றார். அதுல ஒண்ணு எடுத்துக்கோ. ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை பெரிய போட்டி, அதுக்குள்ள முடிவு பண்ணிடு. அப்புறம் மாத்திக்க முடியாது."

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரே ஒரு காது, ஒரே ஒரு வாய்ப்பு. தப்பான மூடியை எடுத்துவிட்டால் பழையபடி அதையும் தள்ளிவிட்டுக்கொண்டு நிற்கப் போகிறாள். அதைத் தன் கைகளுக்குப் பதினொரு வருடமாகப் பழக்கியிருக்கிறாள்.

விற்பனைக்காரர் இரண்டு பெட்டிகளைத் திறந்தார். ஒன்று பெரியது, கறுப்பு, இரண்டு பக்கமும் தேங்காய் மூடி அளவு. இன்னொன்று மெலிந்தது, பச்சை, காதில் ஒட்டுகிற பக்கம் ஜெல் மெத்தை.

"அக்கா, சந்தேகமே வேண்டாம், கறுப்பு. பெட்டியில நம்பரைப் பாருங்க, முப்பத்தொண்ணு. பச்சை வெறும் இருபத்திரண்டு. நம்பர் கூடினா பாதுகாப்பு கூடும்."

"போட்டுக்கிட்டு நின்னு பாக்கலாமா?"

"ஒரு நிமிஷம் என்ன, ரெண்டு நிமிஷம் பாருங்க."

"நான் எட்டு மணி நேரம் நிக்கறவ. ஒரு மணி நேரமாவது வேணும்."

வியாழக்கிழமை காலைக் களத்தில் கறுப்பைப் போட்டாள். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். பிறகு மூக்குக்கண்ணாடியின் காம்பு நெற்றிப்பொட்டில் குத்த ஆரம்பித்தது. ஸ்பிரிங் மண்டையை இடுக்கியால் பிடித்ததுபோல் பிடித்தது. கண்ணாடிக் காம்பு மூடியின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு நிற்க, அந்த இடைவெளி வழியாக வெடிச்சத்தம் ஊசியாக இறங்கியது. ஒவ்வொரு முறை "சுடலாம்" என்று அவள் கத்தும்போதும் தாடை அசைந்தது. தாடை அசைந்தால் விளிம்பும் அசைந்தது. முப்பத்தொன்று என்ற நம்பர், வாயைத் திறக்காத, கண்ணாடி போடாத ஒரு தலைக்கு எழுதிய நம்பர். நாள் முழுக்கக் கத்துவதே வேலையாக உள்ளவளுக்கு அதில் பாதிகூடத் தேறாது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். இன்னொன்றை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த மூடி வெடிச்சத்தத்தை அமுக்கவில்லை. வெடித்ததும் மைக்கையே அணைத்துவிட்டு, அரை நொடி கழித்துத்தான் திறந்தது. ஒருவர் சுட்டால் அது அரை நொடி. பன்னிரண்டு பேர் மாறி மாறிச் சுட்டால் திறப்பதே இல்லை. நான்காவது தடத்துக்காரர் வாய் அசைவதைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அவர் துப்பாக்கியை உலுக்கினார், அதோடு திரும்பப் போனார்.

யோசித்திருந்தால் விசில் ஊதியிருப்பாள். கை யோசிக்கவில்லை. இடது காதில் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது; அதனால் அது வலது பக்கத்து மூடியைத் தூக்கியது. ஐந்தாவது தடம் சுட்டது.

தலைக்குள் யாரோ பலகையால் அறைந்த மாதிரி இருந்தது. விசிலை ஊதினாள். ஊதியது கேட்கவில்லை. எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்ததைப் பார்த்துத்தான் ஊதிவிட்டோம் என்று அறிந்தாள்.

நேராகக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வலது காதைக் கிட்டே கொண்டுபோனாள். தண்ணீர் விழுந்தது. சத்தமில்லாமல் விழுந்தது. இன்னும் திருகினாள். கையில் பட்டுத் தெறித்தது, முகத்தில் தெறித்தது, சத்தம் மட்டும் இல்லை. "அய்யோ" என்றாள். அந்த "அய்யோ" தொண்டையில் அதிர்ந்ததே தவிர, வெளியிலிருந்து திரும்பி வரவில்லை. குழாயைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாள். கணவன் இனி எந்தப் பக்கம் உட்காருவான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர் தூரத்தில், கம்பளிக்கு அடியில் ஓடுவதுபோல் கேட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கம்பளி விலகியிருந்தது. ஆனால் முழுக்க விலகியதா, அதற்குள் எத்தனை செல் செத்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. எவராலும் சொல்ல முடியாது.

அன்றைக்குப் பச்சையைப் போட்டாள். இந்த முறை, பரிசோதனையன்று கிளம்பும்போது அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி, முதலில் இரண்டு காதிலும் மஞ்சள் நுரை அடைப்பானை உருட்டிச் செருகி, அதன்மேல் மூடியைப் போட்டு, மைக்கின் ஒலியைக் கூட்டி வைத்தாள். ஜெல் மெத்தை கண்ணாடிக் காம்பைச் சுற்றிப் படிந்துகொண்டது. கத்தினாள், விளிம்பு அசையவில்லை. வெடிகள் தூரத்தில் யாரோ கதவைச் சாத்துவதுபோல் கேட்டன. அந்தச் சத்தத்தின் நடுவே, இரண்டு வெடிக்கு இடையில், "அக்கா, சிக்கிக்கிச்சு" என்ற குரல் தெளிவாக வந்தது. ஒன்பதாவது தடம். விசில் ஊதினாள். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது, கை ஒருமுறைகூட மூடிக்குப் போகவில்லை. தலையில் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

"பச்சைதான் சார் வேணும்."

மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். "எடுத்துக்கோ. இதுல ஒரு கையெழுத்து."

அவள் படித்தாள். கழகம் ஏற்கனவே வழங்கிய காதுமூடியைத் தானே முறையாக அணியவில்லை என்றும், அதனால் நேர்ந்த செவிக்குறைவுக்குக் கழகம் பொறுப்பல்ல என்றும், இனி நேரக்கூடியதற்கும் பொறுப்பல்ல என்றும் எழுதியிருந்தது.

"இது பொய் சார். ரெண்டு காதுலயும் போட்டா வேலை செய்ய முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே ஒருதரம், அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுக்கோன்னு கத்தியிருக்கீங்க."

"எழுதிக் குடுத்தேனா?"

அவள் தாளை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"பாரும்மா, கட்டாயம் இல்லை. கையெழுத்து வேணாம்னா பச்சையும் வேணாம். சிவப்பு இருக்கு. ஞாயித்துக்கிழமை நூத்து இருபது பேர் சுடறாங்க, நீதான் களத்துல."

சட்டம் படித்தவர்களும் நியாயம் பேசுகிறவர்களும் இந்த இடத்தில் அவள் தாளைக் கிழித்து எறிந்திருக்க வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு இரண்டு காது இருக்கிறது. அவள் கணக்கு வேறு. தாளை எதிர்த்து என்றாவது ஒரு கோர்ட்டுக்குப் போகலாம். செத்த செல்லை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது? கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

மாலை உடைமாற்றும் அறையில் குட்டைத் தம்பி பச்சை மூடியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தான். அவள் ஏதோ முணுமுணுத்தாள். அவன் முகம் மாறியது.

"அக்கா! நீ மெதுவாப் பேசறது கேக்குது! ரெண்டு வருஷமா நீ உதட்டை மட்டும் ஆட்டறேன்னு நெனச்சேன்."

"உன்னைத் திட்டினதெல்லாம் நல்லவேளை கேக்கலை."

"நாளைக்கு நானும் கேக்கறேன். குடுத்துடுவாரா?"

கையெழுத்து விஷயத்தை அவள் சொன்னாள். அவன் மூடியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தான்.

"அப்போ உன் தாளைக் காட்டித்தான் எங்கிட்டயும் கேப்பாரு. 'அவங்களே ஒத்துக்கிட்டாங்க, உனக்கென்ன'ம்பாரு. நான் கேஸ் போட்டாலும் அதைத்தான் காட்டுவாங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவள் மூடியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பிறகு ஓடினாள்.

மேனேஜர் மேஜையில் அதை வைத்தாள். "இந்தாங்க சார். என் தாளைக் குடுத்துடுங்க."

"எதுக்கு?"

"எனக்கு வேணாம். நானும் தம்பியும் சேந்து வந்து கேக்கறோம். எங்களுக்குச் சேர வேண்டியதா கேக்கறோம்."

"தாள் தலைமை ஆபீஸ் போற வண்டியில போயிடுச்சே. நாலு மணிக்கே போயிடுச்சு." அவர் கடிகாரத்தைக் காட்டினார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. "மூடியை வச்சுட்டுப் போறேன்னா வச்சுட்டுப் போ. கையெழுத்து கையெழுத்துதான்."

வெளியே போட்டிக்கான ஒத்திகைக்கு உறுப்பினர்கள் தடங்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூடுதல் ஒத்திகை, அவளும் நிற்க வேண்டும். யாரோ ஒருவர் துப்பாக்கியைத் திறந்து மூடும் சத்தம் வந்தது. அவள் வலது காதுக்கு அது இன்னும் கேட்டது.

அவள் மேஜையிலிருந்த பச்சை மூடியை எடுத்தாள். எடுக்கும்போது மேனேஜர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஏழாவது தடத்தின் பின்னால் குட்டைத் தம்பி, சிவப்பு மூடியை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடைப்பானை உருட்டிச் செருகி, மூடியைப் போட்டு, பன்னிரண்டு முதுகுகளையும் ஒருமுறை எண்ணிவிட்டு, "சுடலாம்" என்று கத்தினாள்.